படம் கழுவிய கைகள்



எங்கள் ஊர்களில் ஒரு காலத்தில் அடிக்கடி கேட்ட வசனம் ஒன்று உண்டு. “பிலிம் கழுவக் குடுத்திருக்கு, வர நாள் செல்லும்” என்பதே அது. கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, கோயில் தேர், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் பிறகு இதைத்தான் சொல்வார்கள். கலைச்சொல் ஆக்கியோர் இச்செயலுக்கு ‘உருத்துலக்கல்’ போன்ற பெயர்களை வைத்தார்கள். மக்கள் அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. இருட்டறைக்குள் இருந்து ஈரத்தோடு வெளியே வந்து கொடியிலே தொங்கிய படத்தைத்தான் அவர்கள் கண்டார்கள். ஆகவே பாத்திரம் கழுவுவது போல, கால் கழுவுவது போல, படத்தையும் ‘கழுவினார்கள்’.

தமிழ் படிப்பிக்கும் எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடித்தமானது. ஒரு கலையின் பின்னால் தண்ணீரும் கையும் இருந்தன என்ற உண்மையை அது தன்னுள் வைத்திருக்கிறது. திரைப்பட வரலாறு என்று நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் நடிகர், இயக்குநர், பாடகர் ஆகியோரின் வரலாறே. படச்சுருளைக் கழுவிய கைகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்தக் கைகள் செய்த பரீட்சார்த்தங்களில் இருந்தே எங்கள் நாடுகளின் சினிமா பிறந்தது என்பதையும், அந்தக் கைவேலையைப் பெறுமதியாக எண்ணாததால் நாம் இழந்தவை எவை என்பதையும் இன்று பார்ப்போம்.

வெள்ளியும் தண்ணீரும்

முதலில் தொழிலைச் சற்று விளங்கிக்கொள்வோம். கறுப்பு வெள்ளைப் படச்சுருள் ஒன்றின் மேல் மெல்லிய பசைப்படலம் பூசப்பட்டிருக்கும். மாட்டெலும்பு, தோல் முதலியவற்றில் இருந்து எடுக்கப்படும் ஜெலற்றின் என்ற பசை அது. அதற்குள் வெள்ளி உப்பின் நுண்ணிய மணிகள் பரந்திருக்கும். கமராவின் கண் திறக்கும்போது ஒளி பட்ட மணிகளில் மாற்றம் உண்டாகும். ஆனால் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. டெவலப்பர் என்ற திரவத்தில் அமிழ்த்தினால்தான் ஒளி பட்ட மணிகள் கரிய வெள்ளித் துகள்களாக மாறி உருவம் எழும். பிறகு ஹைப்போ என்ற உப்புக் கரைசல், மிஞ்சிய மணிகளைக் கரைத்து உருவத்தை நிலைப்படுத்தும். இறுதியில் நல்ல தண்ணீரில் நெடுநேரம் அலசிக் காயவிட வேண்டும்.

ஹைப்போ வருமுன்னர் சாதாரண கறியுப்பே அதன் வேலையைச் செய்தது. 1830களில் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி பொக்ஸ் ரல்பொட் கடதாசியில் ஒளிப்படங்களை உண்டாக்கிய வேளையில், அவை கறுத்துப் போகாமல் தடுக்க அடர்ந்த உப்புக் கரைசலைப் பயன்படுத்தினார். ஆனையிறவு உப்பைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு இந்தச் செய்தி ஒரு தனிச் சுவையைத் தரும்.

இந்தத் தொழிலில் எங்கள் பக்கத்தாருக்கு ஒரு பெரிய இடைஞ்சல் இருந்தது. அது வெப்பம். படம் கழுவும் திரவங்கள் ஏறத்தாழ 20 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும் என்பது மேலைத்தேயத்தார் வகுத்த விதி. எங்கள் கிணற்றுத் தண்ணீர் அதைவிடச் சூடானது. சூடு கூடினால் பசைப்படலம் ஊதி, இளகி, சுருங்கி, சிலவேளை ஓரங்களில் உரிந்தும் போகும். ஆகையால் வெப்ப நாடுகளில் படம் கழுவியோர் ஐஸ் கட்டி தேடினார்கள். இராக் காலத்தில் வேலை செய்தார்கள். சீனாக்காரம் எனப்படும் படிகாரத்தைக் கரைத்துப் பசையை இறுகச் செய்தார்கள். தண்ணீரில் சுண்ணாம்புத் தன்மை கூடியிருந்தால் காய்ந்த படத்தில் வெள்ளைப் புள்ளிகள் படியும். அதாவது, ஒரு படத்தை எந்த ஊரில் கழுவினாலும் அந்த ஊரின் வெயிலும் தண்ணீரும் அதிலே சிறிதளவாவது பதிந்துவிடும். இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஒரு பட்டாணி விதை

1896ஆம் ஆண்டு யூலை 7ஆம் திகதி பம்பாயில் வற்சன் ஹொட்டேலில் லூமியேர் சகோதரர்களின் படங்கள் காட்டப்பட்டன. இந்தியாவின் முதற் சினிமாக் காட்சி அதுவே. லூமியேரின் கருவி ஒரு சிறிய மரப்பெட்டி. படம் பிடிக்கவும், பிரதி எடுக்கவும், திரையில் காட்டவும் அந்த ஒரே பெட்டி போதும். அதைத் தூக்கிக்கொண்டு உலகம் சுற்றிய படப்பிடிப்பாளர்கள் தாமே பிடித்துத் தாமே கழுவித் தாமே காட்டினார்கள். பிறக்கும்போது சினிமா ஒருவரின் இரண்டு கைகளுக்குள் அடங்கிய தொழிலாகவே இருந்தது.

இந்தத் தொழிலைத் தன் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் துண்டிராஜ் கோவிந்த பால்கே. தாதாசாகேப் பால்கே என்று பின்னர் போற்றப்பட்டவர். அச்சுத் தொழிலும் ஒளிப்படமும் அறிந்தவர். பம்பாயில் கிறிஸ்துவின் வாழ்க்கை பற்றிய படமொன்றைப் பார்த்தபோது, இதே போல எங்கள் புராணக் கதைகளையும் காட்ட முடியாதா என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. தன் காப்புறுதிப் பத்திரங்களை ஈடு வைத்துப் பணம் பெற்று 1912இல் லண்டன் சென்றார். வில்லியம்சன் கமரா, படச்சுருளின் ஓரத்தில் துளையிடும் கருவி, பிரதி எடுக்கும் கருவி ஆகியவற்றோடு திரும்பினார்.

முழுநீளப் படத்துக்குப் பணம் போட எவரும் முன்வரவில்லை. அவர்களை நம்ப வைப்பதற்குப் பால்கே ஒரு குறும்படம் செய்தார். நடிகர் இல்லை, கதை இல்லை. ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றி, அதன் முன்னே கமராவை வைத்து, ஒரு மாதத்துக்கு மேலாக நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். திரையில் ஓடவிட்டபோது விதை வெடித்து, முளை தலை தூக்கி, கொடி படர்ந்து, ஒரு நிமிட அளவுக்குள் செடியாகி நின்றது. பார்த்தவர்கள் திகைத்தார்கள். பணம் கிடைத்தது.

இந்தியாவின் முதற் பரீட்சார்த்தக் குறும்படம் எது என்று என்னைக் கேட்டால் இந்தப் பட்டாணிப் படத்தையே சொல்வேன். காலத்தைச் சுருக்கிக் காட்டும் அந்த உத்தியைப் பிறநாட்டாரும் அதற்கு முன் கையாண்டிருந்தார்கள்தாம். ஆயினும் ஒரு வீட்டிலே, ஒரு குடும்பத்தின் உழைப்பிலே அது செய்யப்பட்டது என்பதே இங்கு முக்கியம். அக்காலத்தில் படச்சுருள் ஓரத் துளைகள் இல்லாமல் வரும். இருட்டிலே தடவித் தடவி ஒவ்வொரு துளையாக இட வேண்டும். அந்த வேலையைச் செய்தவர் பால்கேயின் மனைவி சரஸ்வதிபாய். இரசாயனங்களைக் கலந்தவரும் அவரே; படம் கழுவியவரும் அவரே; படப்பிடிப்புக் குழுவினர் அனைவருக்கும் சோறு சமைத்தவரும் அவரே. 1913 மே 3ஆம் திகதி பம்பாய் கொரனேஷன் தியேட்டரில் ‘ராஜா அரிச்சந்திரா’ வெளியானது. அரிச்சந்திரன் கதை எங்களுக்குப் புதிதன்று. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை விடிய விடிய இருந்து பார்த்த சமூகம் எங்களுடையது. அதே கதையை ஓர் அம்மையாரின் கைகள் இருட்டிலே கழுவி எடுத்தன என்பதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வெயிலும் பெங்களூரும்

பால்கேயின் வெற்றி தெற்கிலும் ஒருவரை உந்தியது. சென்னையில் மோட்டார் வண்டி உதிரிப்பாக வியாபாரம் செய்த ஆர். நடராஜ முதலியாரே அவர். பூனாவில் வெள்ளைக்காரப் படப்பிடிப்பாளர் ஒருவரிடம் கமராவைச் சுழற்றப் பழகிக்கொண்டார். வில்லியம்சன் கமரா ஒன்றை விலைக்கு வாங்கினார். சென்னையில் ஒரு வளவை ஸ்ரூடியோவாக்கி, பாரதக் கதையில் இருந்து ‘கீசக வதம்’ என்ற ஊமைப்படத்தை எடுத்தார். 1916க்கும் 1918க்கும் இடைப்பட்ட காலம் அது. தென்னிந்தியாவின் முதற் கதைப்படம் என்று போற்றப்படுவது அதுவே.

முதலியாருக்கும் வெயிலே இடைஞ்சலாயிற்று. சென்னை வெப்பத்தில் படச்சுருளைக் கழுவினால் பசைப்படலம் தாங்காது. ஆகவே அவர் கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ள பெங்களூரில் கழுவும் கூடம் ஒன்றை அமைத்தார். வார நாட்களில் சென்னையில் படப்பிடிப்பு. வார இறுதியில் பிடித்த சுருள்களோடு ரயிலேறிப் பெங்களூர். அங்கே கழுவிப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை சென்னைக்குத் திரும்பி மறுபடியும் படப்பிடிப்பு. தான் பிடித்த காட்சி சரிவந்ததா என்று அறிய ஒரு மனிதன் வாரந்தோறும் இரண்டு நகரங்களுக்கிடையே அலைந்திருக்கிறான். தமிழ்ச் சினிமாவின் தொடக்கத்தில் இந்த அலைச்சல் இருக்கிறது.

‘கீசக வதம்’ இன்று எங்கே? ஓர் அடி சுருள்கூட எஞ்சவில்லை. 1923இல் முதலியாரின் ஸ்ரூடியோ தீயில் அழிந்தது. மகனையும் இழந்த அவர் படத்தொழிலை விட்டு விலகினார். அக்காலப் படச்சுருள் நைற்றிரேற் என்ற பொருளால் ஆனது. அது இலகுவில் தீப்பற்றும். பற்றினால் அணைப்பது அரிது. தீக்குத் தப்பிய சுருள்களையும் மனிதர் விட்டு வைக்கவில்லை. பசைப்படலத்தில் இருக்கும் வெள்ளியை எடுப்பதற்காகப் பழைய படங்களை விலைக்கு விற்றார்கள். இந்தியாவில் ஊமைப்படங்கள் ஆயிரத்துக்கு மேல் எடுக்கப்பட்டன. இன்று பார்க்கக் கிடைப்பவை மிகச் சிலவே. பால்கேயின் படங்களில் சில பகுதிகளாவது மிஞ்சியமைக்குக் காரணம் பி. கே. நாயர். 1964இல் பூனாவில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டியெழுப்பிய அவர், பால்கே குடும்பத்தாரைத் தேடிச் சென்று சுருள்களை மீட்டார்.

தமிழ் இலக்கியம் கற்போருக்கு இந்தக் கதை பழக்கமானது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்ததை நாங்கள் வகுப்பில் படிப்பிக்கிறோம். 1887இல் தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றியிராவிட்டால் அதற்கு என்ன நேர்ந்திருக்கும் என்று மாணவரைக் கேட்கிறோம். ஏட்டைத் தேட எங்களுக்கு ஆட்கள் இருந்தார்கள். சுருளைத் தேட எத்தனை பேர் இருந்தார்கள்?

எங்கள் தீவில்

இலங்கையின் கதையும் தீயோடுதான் தொடங்குகிறது. ‘ராஜகீய விக்கிரமய’ என்ற ஊமைப்படம் 1925ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்டு வெளிநாடுகளில் காட்டப்பட்டது. இலங்கையர் அதைப் பார்க்க முன்னரே அதன் பிரதி எரிந்து போயிற்று.

ஆயினும் கைவேலையின் பெருமையை உணர்ந்த ஒருவர் கொழும்பில் இருந்தார். லயனல் வென்ற் என்ற அவர் 1900இல் பிறந்து 1944இல் மறைந்தார். சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர், ஒளிப்படக் கலைஞர். தன் இருட்டறையை அவர் ஆய்வுகூடமாகவே நடத்தினார். கழுவிக்கொண்டிருக்கும் படத்தின் மேல் இடையிலே வெளிச்சம் பட்டால் படம் பழுது என்று தொழிலாளர் எறிந்துவிடுவார்கள். வென்ற் அந்த வெளிச்சத்தை வேண்டுமென்றே பாய்ச்சினார். உருவத்தின் விளிம்பெல்லாம் ஒளிக்கோடு சூழ்ந்து, இருளும் ஒளியும் இடம் மாறிய படங்கள் பிறந்தன. பரிசில் மான் ரே கையாண்ட அதே உத்தி கொழும்பு வீடொன்றிலும் செய்யப்பட்டது. கமரா இல்லாமலே கடதாசியின் மேல் பொருட்களை வைத்து ஒளி பாய்ச்சிப் படம் எடுத்தார். பல நெகட்டிவ்களை ஒன்றாக இணைத்தார்.

1934இல் பசில் றைற் என்ற ஆங்கிலேயர் இலங்கை வந்து ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற படத்தை எடுத்தபோது அதற்குக் குரல் கொடுத்தவர் இந்த வென்ற்தான். தேயிலைக்கு விளம்பரம் செய்யவென்று எடுக்கப்பட்ட படம் அது. ஆனால் ஒலியையும் காட்சியையும் ஒன்றோடொன்று மோதவிட்டுச் செய்த பரீட்சார்த்தத்தால் உலக ஆவணப்பட வரலாற்றில் நிலையான இடம் பெற்றது. அதில் ஒலிக்கும் உரை 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலில் இருந்து எடுக்கப்பட்டது. கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்த நொக்ஸ், 1679இல் அநுராதபுரத்தில் இருந்து அருவியாற்றின் கரையோடு வன்னிக் காட்டை ஊடறுத்து மன்னார் அரிப்புக்குத் தப்பிச் சென்றவர். எங்கள் காட்டுவழி நடந்த ஒருவனின் சொற்கள் அந்தப் படத்தின் உயிராக அமைந்தன என்பது பலர் கவனியாத செய்தி.

1948இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவு தொடங்கியது. லண்டனில் பத்திரிகையாளராக இருந்தபடியே ‘சொலிலொக்கி’ போன்ற சிறு பரீட்சார்த்தப் படங்களை எடுத்துப் பழகிய லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ், நாடு திரும்பி அப்பிரிவில் சேர்ந்து 1954இல் வரண்ட வலயத்தில் மலேரியாவை வென்ற கதையைப் படமாக்கினார். மலேரியா ஒழிந்ததால் அல்லவா எங்கள் வன்னியிலே காடு வெட்டிக் குடியேறும் காலம் வந்தது? இன்று வெங்காயமும் மிளகாயும் விளைகின்ற விசுவமடு மண்ணின் முன்கதையில் அந்த வெற்றியும் ஒரு பகுதி.

தமிழில் படமெடுத்தவர்களுக்கோ வசதி எப்போதும் குறைவு. 1960களின் தொடக்கத்தில் ஹென்றி சந்திரவன்ச இயக்கிய ‘சமுதாயம்’ 35 மி.மீ. சுருளில் எடுக்கப் பணமின்றி 16 மி.மீ. சுருளில் எடுக்கப்பட்டது. 16 மி.மீ. என்பது 1923இல் கொடாக் கம்பனி வீட்டுப் படப்பிடிப்பாளருக்காக வெளியிட்ட சிறிய அளவு. 1966இல் வேதநாயகத்தின் ‘கடமையின் எல்லை’, 1977இல் தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’, 1978இல் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ என்று ஒரு சிறு வரிசை உண்டு. தம்பிஐயா தேவதாஸ் இவற்றின் வரலாற்றைத் தேடி நூலாக்கியதால்தான் பெயர்களாவது எமக்குத் தெரிகின்றன. 1983 யூலைக் கலவரத்தின்போது ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. அங்கே இருந்த படச்சுருள்கள் பலவும் சாம்பலாயின. அதற்கு இரண்டு வருடம் முன்னர்தான் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. நூலகத்தை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. எரிந்த சுருள்களை யார் நினைக்கிறார்கள்?

பழுதே கலையான விதம்

பெரிய ஸ்ரூடியோக்கள் வளர்ந்த பின் படம் கழுவும் வேலை இயந்திரத்துக்குப் போயிற்று. ஒரு பக்கத்தால் சுருள் புகுந்து மறுபக்கத்தால் காய்ந்து வெளியே வரும். கறை இல்லை, கீறல் இல்லை. இலண்டனில் கழுவினாலும் சென்னையில் கழுவினாலும் ஒரே மாதிரி. ஊரின் அடையாளம் படத்தில் இருந்து நீங்கியது.

அந்த அடையாளத்தை மீண்டும் தேடிய கலைஞர் சிலர் உலகில் இருந்தார்கள். மான் ரே 1923இல் படச்சுருளின் மேலேயே உப்பையும் மிளகையும் தூவி, ஊசிகளையும் ஆணிகளையும் பரப்பி, ஒளி பாய்ச்சிக் கழுவி, அதைத் தன் குறும்படத்தில் சேர்த்தார். நியூசிலாந்துக்காரரான லென் லை 1935இல் கமராவே இல்லாமல் சுருளின் மேல் நேரே வர்ணம் தீட்டி ‘எ கலர் பொக்ஸ்’ என்ற படத்தைச் செய்தார். ‘சோங் ஒஃப் சிலோன்’ நிறைவு பெற்ற அதே பிரித்தானிய அஞ்சல் திணைக்களத் திரைப்படப் பிரிவுக்காகவே அதையும் அவர் செய்தார். அமெரிக்கரான ஸ்ரான் பிறக்கேஜ் 1963இல் விட்டில் பூச்சிகளின் சிறகுகளையும் இலைகளையும் ஒட்டுநாடாக்களுக்கிடையே வைத்துப் படமாக்கினார். விளக்கில் விழுந்து செத்த விட்டில்கள் திரை விளக்கின் ஒளியில் மறுபடியும் பறந்தன.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிலிப் ஹொவ்மன் என்பவர் 1994 முதல் தன் பண்ணையில் பயிற்சிப் பட்டறை நடத்தி வந்தார். எங்கள் மக்கள் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவும் அதே மாகாணத்தில்தான் இருக்கிறது. பங்குபற்றுவோர் 16 மி.மீ. கமராவோடு வயலிலும் காட்டிலும் படம் பிடித்து, மாலையில் மாட்டுக் கொட்டகை போன்ற ஓர் இடத்தில் வாளிகளில் திரவம் ஊற்றி, சுருளைக் கையாலேயே அமிழ்த்திக் கழுவினார்கள். வாளிக்குள் சுருள் நூடில்ஸ் போலச் சுருண்டு கிடக்கும். திரவம் எல்லா இடமும் ஒரே அளவில் படாது. ஓரிடம் கறுக்கும், ஓரிடம் வெளுக்கும், ஓரிடத்தில் விரல் அடையாளம் விழும். அவற்றை அவர்கள் நீக்கவில்லை. அந்தக் கறைகளே படத்தின் மொழியாயின. பின்னாளில் பூக்களின் சாற்றிலும் கழுவிப் பார்த்தார்கள்.

1995இல் அமெரிக்காவின் றொச்செஸ்ரர் தொழில்நுட்ப நிறுவன வகுப்பொன்றில் கோப்பித்தூளும் சலவைச் சோடாவும் கலந்த கரைசலில் படம் கழுவிக் காட்டினார்கள். கோப்பியில் உள்ள ஒருவகை அமிலம் டெவலப்பரின் வேலையைச் செய்கிறது. இதே வகைப் பொருட்கள் தேயிலையிலும் பல இலைகளிலும் உண்டு. அதாவது குசினியில் இருக்கும் பொருட்களைக் கொண்டே படம் கழுவலாம். சரஸ்வதிபாயின் வீட்டில் தொடங்கிய வேலை, உலகைச் சுற்றி மறுபடியும் குசினிக்கே வந்து சேர்ந்தது.

கோடு போட்ட தாளில் ஒரு பத்திரிகை

வறுமையும் தட்டுப்பாடும் நல்லவை என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றை அனுபவித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் தட்டுப்பாட்டில் பிறந்த பொருள் அக்காலத்தின் சாட்சியாக நிற்கும்.

1990களில் பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணப் பத்திரிகைகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அச்சுத் தாள் வராத நாட்களில் பள்ளிக் கொப்பித் தாளில், கோடுகளின் மேலேயே செய்தியும் கவிதையும் அச்சாகின. நிறத் தாளிலும் வந்தன. பற்றரி இல்லாததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். இன்று அந்தக் கோடு போட்ட தாளில் அச்சான பத்திரிகை ஒன்று கையில் கிடைத்தால் செய்தியை வாசிக்க முன்னர் தாளே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அதே செய்தியைத் தட்டச்சுச் செய்து வெள்ளைத் தாளில் எடுத்தால் சொற்கள் இருக்கும், காலம் இருக்காது.

கையால் கழுவிய படமும் அத்தகையதே. அதிலுள்ள தண்ணீர்க் கறை, வெப்பத்தால் சுருங்கிய பசை, விரல் அடையாளம் ஆகியவை அது எடுக்கப்பட்ட இடத்தின் கையொப்பம். எங்கள் ஊர் இருட்டறைகளில் கழுவப்பட்டவற்றில் எத்தனையோ, துலக்கமில்லை, பழசு, கறை பிடித்தது என்ற காரணத்தால் குப்பைக்குப் போயின. எஞ்சியவற்றில் ஒரு பகுதியை 2004 டிசெம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையில் கடல் கொண்டது. 2009இல் மக்கள் விசுவமடுவைத் தாண்டிக் கிழக்கே கிழக்கே நகர்ந்தபோது வீட்டோடும் பங்கரோடும் வழியோரத்தோடும் மீதியும் போயிற்று. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு சில படங்களையும் சொப்பிங் பைக்குள் சுற்றி இடுப்பிலே கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஒரு மகனின் முகத்துக்கு அந்தக் கறை பிடித்த ஒரு படத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லாத தாய்மார் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். கறை படிந்திருப்பதால் அந்தப் படத்தின் பெறுமதி குறைந்துவிடுமா?

செய்யக் கூடியவை

ஆகவே நேயர்களே, வீட்டில் பழைய நெகட்டிவ் துண்டுகளோ 8 மி.மீ., 16 மி.மீ. சுருள்களோ இருந்தால் அவற்றை எறிய வேண்டாம். ஈரம் புகாத, சூடு குறைந்த இடத்தில், காற்றுப் புகாமல் கட்டிய பொலித்தீனைத் தவிர்த்துக் கடதாசி உறையில் வையுங்கள். ஓரத்தில் பிடியுங்கள், பசைப் பக்கத்தைத் துணியால் துடைக்காதீர்கள். வினாகிரி மணம் வந்தால் சுருள் அழியத் தொடங்கிவிட்டது என்பது பொருள். மற்றவற்றில் இருந்து பிரித்து வைத்து விரைவில் பிரதி எடுக்க வேண்டும். நனைந்து ஒட்டிய படங்களைக் காய்ந்த நிலையில் பலவந்தமாகப் பிய்க்காதீர்கள். பிரதி எடுத்த பின்பும் மூலத்தை வைத்திருங்கள். பிடித்தவர் யார், எந்த ஆண்டு, படத்தில் இருப்போர் யார் என்பதை உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். எழுதிய நாளையும் குறியுங்கள். ஏட்டுச் சுவடியின் கடைசியில் படியெடுத்தவன் தன் பெயரையும் நாளையும் எழுதுவது எங்கள் மரபுதானே!

வன்னியின் இளைஞர்கள் இன்று கைத்தொலைபேசியிலேயே குறும்படம் எடுக்கிறார்கள். மகிழ்ச்சிக்குரிய விடயம். அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பாடசாலை விஞ்ஞானகூடத்தின் யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி ஒருநாள் இருட்டறையாக்குங்கள். வெள்ளி உப்புப் பூசிய ஒளிப்படத் தாளை வாங்கி, பால்மா ரின்னில் ஊசித் துளையிட்டுக் கமரா செய்து, கோப்பித்தூளிலும் சலவைச் சோடாவிலும் உங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் ஒரு படத்தைக் கழுவிப் பாருங்கள். வெறுந்தாளில் இருந்து ஒரு முகம் மெல்ல மெல்ல எழுந்து வருவதை ஒரு பிள்ளை ஒருமுறை கண்டுவிட்டால், எந்தப் படத்தையும் இலேசில் குப்பையில் போட மாட்டாது.

அதன் பிறகு பால்கே செய்ததைச் செய்யலாம். விசுவமடு மண்ணை ஒரு தகரப் பேணியில் நிரப்பி, ஒரு மிளகாய் விதையை ஊன்றி, கமராவை அசையாமல் முன்னே வைத்து, ஒரு மாதம் பொறுமையாக இருந்து படம் பிடியுங்கள். திரையில் அது ஒரு நிமிடந்தான் ஓடும். ஆனால் அந்த ஒரு மாதமும் அந்தப் பேணிக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவர் வேண்டும்.